ஹல்லா ரொட்டி: பின்னல் ஏன் கரைந்துபோகிறது?

கேள்வி, கோயம்புத்தூர் வாசகர், ஜனவரி 5, 2022

அக்கா, யூதர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும் பின்னல் ரொட்டி, ஹல்லா, அதைச் செய்துபார்த்தேன். ஓவனில் வைக்கும்வரை பின்னல் அழகாகத்தான் இருந்தது. வெளியே எடுத்தால் பின்னலையே காணோம், நீளமாக ஒரு பன். உள்ளே வறண்டு, பிய்த்தால் உதிர்கிறது. நம் ஊர் மைதாவில் பலம் போதாது, எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய் போட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் இஸ்ரேலிலேயே இருக்கிறீர்கள். சரியா தப்பா, சொல்லுங்கள்.

ஜனவரி 6

மைதா மேல் பழி போடாதீர்கள் தம்பி. வெண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பின்னல் கரைவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான். மாவைத் தளர்வாகப் பிசைந்திருப்பீர்கள், இல்லாவிட்டால் பின்னிய பிறகு ரொம்ப நேரம் உப்ப விட்டிருப்பீர்கள். கோயம்புத்தூரில் ஜனவரியிலும் பகலில் முப்பது டிகிரி வந்துவிடும். செய்முறையில் 'ஒரு மணி நேரம்' என்று எழுதியவர் குளிர் ஊரில் உட்கார்ந்து எழுதியிருப்பார். உங்கள் சமையலறையில் அந்த வேலை சீக்கிரமே முடிந்துவிடும். அதற்குப் பிறகும் விட்டால் மாவு மேலே எழும்பாமல் பக்கவாட்டில் படரும்.

வறண்டு உதிர்வது தனி நோய். ஓவனில் அதிக நேரம் இருந்திருக்கும். அல்லது கையில் ஒட்டுகிறதே என்று பிசையும்போது மாவை அள்ளி அள்ளித் தூவியிருப்பீர்கள்.

கப் கணக்கா, கிராம் கணக்கா? முட்டை எத்தனை? சர்க்கரை எவ்வளவு? அதைச் சொல்லாமல் மைதாவைத் திட்டிப் பயனில்லை.

ஜனவரி 6, இரவு

வெண்ணெய் பற்றி எழுத விட்டுப்போனது. வெள்ளி இரவுச் சாப்பாட்டில் பெரும்பாலும் கறியோ கோழியோ இருக்கும். யூத உணவு விதிப்படி இறைச்சியோடு பால் பொருள் சேரக் கூடாது. அதனால் ஹல்லாவில் பாலும் இல்லை, வெண்ணெயும் இல்லை. தண்ணீர், எண்ணெய், முட்டை, அவ்வளவுதான். ரொட்டி மாவில் பால் கலப்பதையே அவர்கள் சட்ட நூல்கள் பொதுவாகத் தடுக்கின்றன. யாராவது தெரியாமல் கறியோடு தொட்டுக்கொண்டுவிடுவார்கள் என்ற பயம். கொஞ்சமாகச் செய்தாலோ, பார்த்த மாத்திரத்தில் இது பால் ரொட்டி என்று தெரியும்படி வடிவத்தை மாற்றினாலோ விலக்கு உண்டு.

வெண்ணெய் போட்டுச் செய்வதற்கு பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கெனவே பிரியோஷ் என்று பேர் வைத்துவிட்டார்கள். அருமையாக இருக்கும். ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை.

ஜனவரி 8

நீங்கள் எழுதியனுப்பிய அளவு: நாலு கப் மைதா, அரை கப் சர்க்கரை, மூன்று முட்டை, ஒரு கப் தண்ணீர், கால் கப் எண்ணெய். அமெரிக்கச் செய்முறை என்பது பார்த்தவுடனே தெரிகிறது. கிராமில் போட்டுப் பார்ப்போம்.

மாவு ஏறக்குறைய 500. தண்ணீர் 240. மூன்று பெரிய முட்டை ஓடு நீக்கி 150 கிராம், அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான், அதாவது 112. கூட்டினால் 350 வருகிறது. 500 மாவுக்கு 350 தண்ணீர், அதற்கு மேல் கரைந்த சர்க்கரையும் சேர்ந்து இளக்கிவிடும். புரதம் அதிகமுள்ள ரொட்டி மாவு வேண்டுமானால் இதைத் தாக்குப்பிடிக்கும். மைதா குறைவாகத்தான் உறிஞ்சும். கையில் ஒட்டியதில் ஆச்சரியமே இல்லை. நீங்கள் மாவு தூவாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அடுத்தது சர்க்கரை. அரை கப் என்றால் 100 கிராம், மாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. சர்க்கரை அதிகமானால் ஈஸ்டுக்குக் கிடைக்க வேண்டிய தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பத்து சதவீதத்தைத் தாண்டினாலே ஈஸ்ட் சோர்ந்துபோக ஆரம்பிக்கும். என்னைக் கேட்டால் முதல் எதிரி இந்தச் சர்க்கரைதான்.

நான் இப்போது போடும் அளவு: மைதா 500, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7, உப்பு 9, சர்க்கரை 40, எண்ணெய் 45, முட்டை 100, தண்ணீர் 180. எல்லாம் கிராம். முட்டையையும் எடை போடுங்கள். இங்கே இரண்டு முட்டையில் 100 வந்துவிடும், நம் ஊர் முட்டை சின்னது, எண்பத்தைந்து தொண்ணூறுதான் தேறும். தண்ணீரில் 170 மட்டும் முதலில் ஊற்றுங்கள். மீதியைப் பிசையும்போது கையே கேட்கும்.

பதம், சப்பாத்தி மாவைவிடச் சற்றே இளக்கம். விரலில் ஒட்டக் கூடாது. கையால் என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பிசைய வேண்டும். சின்ன உருண்டை எடுத்து நாலு பக்கமும் மெதுவாக இழுத்தால், கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிய வேண்டும். பாதியில் கிழிந்தால் இன்னும் பிசையுங்கள்.

ஜனவரி 8, மறுபடியும்

முட்டையை நேராக மாவில் உடைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனியாக ஒரு கண்ணாடி டம்ளரில் உடைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பதுதான் இங்கே வழக்கம். ரத்தப் புள்ளி இருந்தால் அந்த முட்டை போச்சு. மாவையும் புழு பூச்சிக்காகச் சலிப்பார்கள். அதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜனவரி 14

இன்று பொங்கலும் வெள்ளிக்கிழமையும் ஒன்றாக வந்துவிட்டது. காலையில் குக்கரில் சர்க்கரைப் பொங்கல், பக்கத்தில் ஹல்லா மாவு. பொங்கல் பொங்கியது. மாவு பொங்கவில்லை.

இஸ்ரேலில் குளிரே இருக்காது என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இருப்பது ரெஹோவோத், டெல் அவீவுக்குத் தெற்கே. வெளியே பதினைந்து டிகிரி என்றால் வீட்டுக்குள்ளும் அதே பதினைந்து, கால் வைத்தால் டைல்ஸ் தரை சில்லென்று ஏறும். எங்கள் வீட்டில் ஏசியைச் சூட்டில் போட்டால்தான் உண்டு. காலை ஒன்பது மணிக்குப் பிசைந்த மாவு மதியம்வரை அசையவில்லை. இந்த மாதத்தில் சூரியன் ஐந்து மணி வாக்கில் மறைந்துவிடும். அதற்கு முன்பே விதிகளைப் பின்பற்றும் யூதர்கள் மெழுகுவர்த்தி ஏற்றி சபத் என்ற ஓய்வுநாளுக்குள் போய்விடுவார்கள், அதன் பிறகு அடுப்பில் கை வைக்க மாட்டார்கள். எனக்கு அந்தக் கெடு இல்லை. ஆனால் சாப்பிட வருகிற லேப் நண்பர்கள் பஸ் நிற்பதற்குள் வந்தாக வேண்டும், வெள்ளி மதியத்தோடு பஸ் கிடையாது.

பின்னி அரை மணி நேரத்திலேயே ஓவனில் தள்ளினேன். விளைவு உங்களுடையதற்கு நேர் எதிர். பின்னல் இருந்தது, ஆனால் இழைக்கும் இழைக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாகப் பிளவு. உள்ளே இன்னும் பாதி பலம் மிச்சமிருக்கும் ஈஸ்ட், சூடு கண்டதும் ஒரே மூச்சில் எழும்பி மேல் தோலைக் கிழித்துவிட்டது. நண்பர்கள் பிளவில் ஹம்மூஸை, அதாவது கொண்டைக்கடலை மசியலை, தடவிச் சாப்பிட்டுவிட்டார்கள்.

ஆக, கரைந்தால் அதிகம், கிழிந்தால் குறைவு. நடுவில் எங்கே நிறுத்துவது என்று கடிகாரம் சொல்லாது. விரல் நுனியில் கொஞ்சம் மாவு தொட்டுக்கொண்டு பின்னலின் ஓரத்தை அரை அங்குலம் அழுத்துங்கள். குழி உடனே மறைந்தால் காத்திருங்கள். மெதுவாகப் பாதிவரை திரும்பி நின்றால் ஓவனுக்கு அனுப்புங்கள். குழி அப்படியே இருந்தால் வண்டி போய்விட்டது.

ஜனவரி 16

சர்க்கரை மேல் நான் வைத்த குற்றத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மனசு கேட்காமல் ஒரே மாவு, ஒரே நாள், இரண்டு பாத்திரம் என்று பிசைந்தேன். ஒன்றில் 40 கிராம், மற்றதில் 90. இனிப்பு மாவு இரட்டிப்பாக ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுத்தது உண்மை. ஆனால் காத்திருந்து சுட்டதில் அதுவும் நன்றாகவே வந்தது. இன்னும் சொன்னால், சனிக்கிழமை மதியம் எடுத்துப் பார்த்தபோது அதுதான் மென்மையாக இருந்தது. சர்க்கரை ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. மேல்தோல் மட்டும் சீக்கிரம் கறுக்கிறது, அதற்கு ஓவனை 180இலிருந்து 165க்கு இறக்கினால் போதும்.

அப்போ எதிரி யார்? செய்முறையில் எழுதிய நேரத்தை நம்புவதுதான். எனக்கு 40 கிராம்தான் பிடிக்கும், அது வேறு விஷயம். சாம்பார் தொட்டுச் சாப்பிட அதுதான் தோது.

ஜனவரி 17

சாம்பாரா என்று மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டீர்கள். ஆமாம். காரக்குழம்பு இன்னும் நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 4

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றி எழுதுகிறேன். யூதப் பாட்டி, அதனால் ஹல்லா ரகசியம் எல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று நீங்கள் நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அவருக்கு என் ஹல்லா பிடிக்கவில்லை. வாசனை பார்த்துவிட்டு "கேக்" என்றார்.

அவர் குடும்பம் யேமனிலிருந்து வந்தது. ரெஹோவோத்தில் ஷாராயிம், மர்மொரெக் என்று பழைய யேமனியக் குடியிருப்புகள் உண்டு. இனிப்பும் முட்டையும் போட்ட பின்னல் ரொட்டி அஷ்கெனாசிகளுடையது, அதாவது ஜெர்மனி, போலந்து, ரஷ்யா பக்கத்து யூதர்களுடையது. யேமன்காரர்கள் சபத் காலைக்குச் செய்வது குபானே. வெண்ணெய் தடவிச் சுருட்டிய மாவு, மூடிய பாத்திரத்தில் வெள்ளி சாயங்காலம் உள்ளே போனால், மிகக் குறைந்த சூட்டில் ராத்திரி முழுக்க இருந்து, காலையில் பழுப்பாகி வெளியே வரும். அரைத்த தக்காளியும், பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் அரைத்த ஸ்ஹூகும் தொட்டுக்கொள்ள. நம் வீட்டில் ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

'கேக்' என்று சொன்னது கிண்டல் மட்டும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. சாப்பிடும் முன் ரொட்டிக்குச் சொல்லும் ஆசி வேறு, பலகாரத்துக்குச் சொல்லும் ஆசி வேறு. யோசேஃப் காரோ எழுதி 1565இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அரூக் என்ற சட்டத் தொகுப்பின்படி, மாவில் தேனோ எண்ணெயோ ருசி தெரியும் அளவுக்குக் கலந்துவிட்டாலே அது பலகாரக் கணக்கு. அதே நூலுக்குக் குறிப்பு எழுதிய கிராக்கோவ் ரப்பி (யூத மதகுரு) மோசே இஸ்ஸெர்லஸ், இனிப்பு பெருமளவு கலந்து மேலோங்கினால்தான் பலகாரம் என்கிறார். முன்னவரைப் பின்பற்றும் வீடுகளில் சபத் மேசைக்கு இனிப்பு ஹல்லா உதவாது, அவர்களுக்காகத் தண்ணீர் ஹல்லா என்று தனியாகவே விற்கிறது. நம் ஊரில் பொங்கலில் எவ்வளவு வெல்லம் என்பதற்கு இப்படிச் சட்டம் இருந்திருந்தால் எத்தனை குடும்பச் சண்டை தீர்ந்திருக்கும்.

பாட்டி வெள்ளிக்கிழமை வாங்குவது சூப்பர்மார்க்கெட்டில் அரசு விலை நிர்ணயித்த சாதாரண ஹல்லா, அரை கிலோ. முட்டை வாசனையே இருக்காது, இனிப்பு தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். நானும் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். முதல் நாள் பரவாயில்லை, மறுநாள் அதை வைத்துக் கதவை நிறுத்தலாம்.

பிப்ரவரி 5

ஆறு இழைப் பின்னல் கேட்டிருந்தீர்கள். வாயால் சொல்வதுதான் சுலபம்: வலது ஓரத்து இழையை எடுத்து இரண்டின் மேல், ஒன்றின் அடியில், இரண்டின் மேல். மறுபடி வலது ஓரத்து இழை, அதே கணக்கு. முடியும்வரை வலது ஓரம் மட்டும்தான். நாலு இழை என்றால் ஒன்றின் மேல், ஒன்றின் அடியில், ஒன்றின் மேல். கூடவே போன் பேசாதீர்கள்.

பிப்ரவரி 20

இழை எண்ணிக்கையில் எல்லோரும் இறங்கிவிட்டீர்கள். எட்டு இழைப் படம் ஒன்று போன வாரம் வந்தது. பார்க்க நன்றாக இருந்தது, வெட்டிய படம் ஏன் வரவில்லை?

ஆறு இழைக்கு ஒரு நியாயம் உண்டு. உயரமாக எழும்பும், மூன்று இழை கொஞ்சம் தட்டையாக உட்காரும். ருசியில் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. மாவு சரியாக இருந்தால் மூன்று இழையே தெளிவாக நிற்கும், மாவு தளர்ந்திருந்தால் பன்னிரண்டு போட்டாலும் கரைந்துவிடும்.

இழை உருட்டுவதில்தான் கவனம் வேண்டும். பாதி உருட்டியதும் மாவு உள்ளே இழுத்துக்கொள்ளும், சண்டை போடாதீர்கள். ஈரத் துணியால் மூடிப் பத்து நிமிஷம் விட்டால் தானாகத் தளர்ந்து கொடுக்கும். நடு தடித்து நுனி மெலிந்தபடி உருட்டுங்கள். பின்னுவதற்கு முன் இழைகள் மேல் துளி மாவு தூவித் தடவினால் இழையோடு இழை ஒட்டி ஒன்றாகாமல் இருக்கும், பின்னல் தெளிவாக நிற்பதற்கு இது பெரிய உதவி. மூன்று இழையை மேலிருந்து ஆரம்பிக்காமல் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பின்னினால் இரு முனையும் ஒரே மாதிரி வரும். ஜடை பின்னிப் பழகிய கை இறுக்கிவிடும், அது இங்கே ஆகாது. இறுக்கினால் உப்ப இடம் இல்லாமல் ஓவனில் பிளக்கும். என் மகள் தலையைப் பின்னும் ஆள் என்பதால் என் முதல் ஹல்லாக்கள் எல்லாம் பள்ளிக்கூடம் போகத் தயாராக இருந்தன.

பிப்ரவரி 21

முட்டைப் பூச்சு. ஒரு முழு முட்டையில் சிட்டிகை உப்பு போட்டு அடித்துப் பத்து நிமிஷம் வைத்தால் நூல் விடாமல் நீர்த்துவிடும், பூச வசதி. பின்னியதும் ஒரு முறை, ஓவனுக்குள் போவதற்கு முன் ஒரு முறை. மஞ்சள் கரு மட்டும் பூசினால் நிறம் இன்னும் ஆழம். இடுக்குகளில் தேங்க விடாதீர்கள், அங்கே ஆம்லெட் ஆகும்.

மேலே தூவுவது எள் அல்லது கசகசா. இங்கே கிடைக்கும் கசகசா நீலக் கறுப்பு, நம்முடையது வெள்ளை. செடி ஒன்றுதான், ஆனால் பழுப்பு மேல் கறுப்பு தெரிகிற மாதிரி வெள்ளை தெரியாது. எள்ளே போடுங்கள். தூவுவது மன்னாவின், அதாவது வனாந்தரத்தில் அவர்கள் முன்னோருக்கு வானத்திலிருந்து விழுந்த உணவின், நினைவாக என்று சொல்கிறார்கள். பைபிளின் யாத்திராகமத்தில் மன்னா கொத்தமல்லி விதை போல இருந்தது, தேனிட்ட பணிகாரம் போல ருசித்தது என்று வருகிறது. வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு பங்கு கிடைத்ததாம், அதனால்தான் மேசையில் இரண்டு ரொட்டி. நான் கொடுத்த அளவிலும் 440 கிராம் வீதம் இரண்டு வரும், அது தற்செயல்.

மார்ச் 6

'அங்கே அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கொடுப்பீர்களா?' என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கொடுப்பதில்லை.

ஆசையாக எடுத்துக்கொண்டு போய், மத விதிகளைக் கறாராகப் பின்பற்றும் வீட்டில் நீட்டினால் சங்கடம் அவர்களுக்குத்தான். என் சமையலறையில் கறி வெந்த பாத்திரத்தில் தயிரும் இருக்கும். அதை விட்டாலும், யூதரல்லாதவர் வீட்டில் சுட்ட ரொட்டிக்கே தனி விதி இருக்கிறது. சுடும்போது ஒரு யூதர் அடுப்பைப் பற்றவைத்திருந்தால் அந்தத் தடை நீங்கும், ஆனால் பாத்திரப் பிரச்சினை அப்படியே நிற்கும். மேல்மாடிக்காரர் ஒருவர் இதைச் சிரித்துக்கொண்டே, ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அதன்பிறகு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழம் வாங்கிக்கொடுப்பதோடு சரி. என் ரொட்டி போவதெல்லாம் லேப் நண்பர்களுக்கு, அவர்களில் பாதிப்பேர் யூத விதி தடுக்கும் இறாலையே சாப்பிடுகிறவர்கள்.

அந்த மேல்மாடி வீட்டில் ஒரு தடவைக்கு இரண்டு கிலோ மாவு பிசைவார்கள். முதலில் பெரிய குடும்பம், அதனால் என்று நினைத்தேன். காரணம் வேறு. மாவில் ஒரு துண்டு கிள்ளி ஆசாரியருக்கு ஒதுக்க வேண்டும் என்பது பைபிளில் எண்ணாகமத்துக் கட்டளை. ஏறக்குறைய 1.2 கிலோ மாவுக்கு மேல் போனால்தான் கிள்ள வேண்டும், ஆசி சொல்லிக் கிள்ள வேண்டுமானால் 1.67 கிலோ. அந்த ஆசியைச் சொல்ல வாய்ப்பு வர வேண்டும் என்பதற்காகவே அளவைத் தாண்டிப் பிசைகிறார்கள். இப்போது எருசலேம் ஆலயம் இல்லை, ஆசாரியருக்குக் கொடுப்பதும் இல்லை, கிள்ளியதை ஓவனில் எரித்துவிடுவார்கள். மீதி ரொட்டி ஃப்ரீசருக்குப் போகும். இரண்டு கிலோ மாவு கையால் பிசைந்த தோள்களை நினைத்துப் பாருங்கள். அந்த அம்மாவிடம் மிக்ஸர் உண்டு, ஆனால் எடுப்பதில்லை.

ஏப்ரல் 24

போன வாரம் ஏன் குறிப்பு இல்லை என்றால், பஸ்கா, யூதர்களின் புளிப்பில்லா ரொட்டிப் பண்டிகை. புளித்த மாவு எதுவும் கண்ணில் படக் கூடாது என்பதால் சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி, மாவு, பாஸ்தா இருக்கும் தட்டுகளை எல்லாம் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிட்டார்கள். வீட்டில் ஈஸ்ட் இருந்தது, மாவும் இருந்தது. ஆனால் படிக்கட்டு முழுக்க ரொட்டி வாசனை பரவும்படி சுட மனசு வரவில்லை.

இந்த வருஷம் பஸ்கா வெள்ளிக்கிழமையோடு முடிந்தது, சூரியன் மறைந்ததும் நேராக சபத். அதனால் கட்டுப்பாடாக இருக்கிறவர்களுக்கு நேற்றும் புது ஹல்லா கிடையாது, மிச்சமிருந்த மட்சா என்ற புளிக்காத தட்டை ரொட்டிதான். பஸ்காவுக்கு அடுத்த சபத்தில் சில அஷ்கெனாசி வீடுகளில் சாவி வடிவத்தில் ஹல்லா செய்வார்கள், சிலர் நிஜச் சாவியையே கழுவி மாவுக்குள் வைத்துச் சுடுவார்கள். வருமானத்துக்கு நல்லது என்று நம்பிக்கை. பல் டாக்டருக்கு நிச்சயம் நல்லது.

ஜூலை 17

உங்கள் கோயம்புத்தூர் வெயில் இப்போது எனக்கும் வந்துவிட்டது. ஜனவரியில் மாவு எழும்பவில்லை என்று அழுதவள், இப்போது உருட்டி முடிப்பதற்குள் முதல் இழை உப்பிவிடுகிறது என்று அழுகிறேன்.

வெயில் ஊருக்கு ஃப்ரிட்ஜ்தான் வழி. வியாழன் இரவு ஐஸ் தண்ணீரில் பிசைந்து, ஈஸ்டை 7 கிராமிலிருந்து 4ஆகக் குறைத்து, எண்ணெய் தடவிய டப்பாவில் மூடி உள்ளே வைத்துவிடுங்கள். காலையில் மாவு ஏறியிருக்கும், ஆனால் கெட்டியாக இருக்கும். குளிர்ந்த மாவு உருட்டுவதற்கு அவ்வளவு இதம். பின்னல் கத்தி வெட்டினாற்போல் நிற்கிறது, ருசியும் கூடியிருக்கிறது. பின்னிய பிறகு வெளியே வைத்தால் குளிர் போய் உப்ப நேரம் எடுக்கும், அதற்கும் விரல் சோதனைதான். ஜனவரியிலேயே இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் ஆறு மாசம் மைதாவோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டாம், ஆனால் குளிரில் எனக்கு இது தேவைப்படவில்லை.

ஓவனில் எப்போது எடுப்பது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 180இல் 28 முதல் 32 நிமிஷம். விசிறி ஓடும் ஓவன் என்றால் 160. சின்ன ஓடிஜியில் மேல் கம்பி பக்கத்தில் இருப்பதால் இருபதாவது நிமிஷம் அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போடுங்கள். குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தால் நடுவில் 88இலிருந்து 90 வந்ததும் எடுத்துவிடலாம். சாதா ரொட்டிக்குச் சொல்லும் 96, 97வரை விட்டால் முட்டை போட்ட மாவு வறண்டுபோகும். நீங்கள் முதலில் கேட்ட உதிரும் ரொட்டிக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. நிறம் வந்துவிட்டது என்று அவசரப்பட்டாலும் ஆபத்து, நடுவே பச்சையாக நிற்கும்.

ஜூலை 19

முட்டை இல்லாமல் வருமா என்று கேட்டால், வரும். முட்டைக்குப் பதில் தண்ணீரை 250ஆக்கி எண்ணெயைக் கொஞ்சம் கூட்டுங்கள். நிறத்துக்குச் சிட்டிகை மஞ்சள்தூள். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு 100 கிராம் சேர்த்தால் மென்மை திரும்பி வரும், அப்போது தண்ணீரைக் குறைக்க வேண்டும். உருளைக்கிழங்கைச் சும்மா சொல்லவில்லை, ஜெர்மன் யூதர்களின் பெர்ஹெஸ் ரொட்டியில் அது உண்டு, அதில் பெரும்பாலும் முட்டையும் போடுவதில்லை. மேலே பூசப் பால் போதும்.

செப்டம்பர் 22

ஞாயிறு சாயங்காலம் ரோஷ் ஹஷானா, யூதப் புத்தாண்டு. அதற்கு நீள ஹல்லா கிடையாது, வட்டம். உள்ளே உலர்திராட்சை, தொட்டுக்கொள்ளத் தேன். வருஷம் சுற்றி வருவதற்கு வட்டம் என்கிறார்கள், கிரீடம் என்கிறவர்களும் உண்டு.

செய்வது சுலபம், ஒரே நீள இழையை உருட்டிச் சுருட்டிவிட வேண்டியதுதான். சிக்கல் வேகுவதில். நடுப்பகுதி தடிமன், ஓரம் வெந்த பிறகும் உள்ளே ஈரமாக இருக்கும். 165இல் நாற்பது நிமிஷம்வரை போகும், வெப்பமானி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். திராட்சையை வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் மாவின் ஈரத்தை அது குடித்துவிடும். மேலே தலை நீட்டும் திராட்சை கருகிக் கசக்கும், உள்ளே அமுக்கிவிடுங்கள்.

டிசம்பர் 11

கோயம்புத்தூர் தம்பி அனுப்பிய படம் பார்த்தேன். அதே மைதா, தண்ணீர் 165, ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி. பின்னல் கணக்கு ஒரு இடத்தில் தப்பியிருக்கிறது, மூன்றாவது மடிப்பு. ரொட்டிக்கு அது தெரியாது.

வெண்ணெய் போட்டும் ஒன்று செய்தேன், அதுதான் வீட்டில் முதலில் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தீராமல் என்ன செய்யும்.

ஏர் ஃப்ரையரில் வருமா என்று இதோடு பல பேர் கேட்டாயிற்று. முழு ரொட்டி வேண்டாம், விசிறி மேலேயே ஊதுவதால் மேல் கறுத்து உள்ளே வேகாது. 60 கிராம் உருண்டை எடுத்து, இழையாக உருட்டி, ஒரு முடிச்சுப் போட்டு, நுனியை நடுவில் செருகிவிடுங்கள். 160இல் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், எட்டாவது நிமிஷத்தில் திறந்து பாருங்கள். கூடையில் இடைவெளி விட்டு அடுக்குங்கள், உப்பினால் ஒன்றோடொன்று ஒட்டும். நாலுக்கு மேல் என் மெஷினில் கொள்ளாது, பெரிய கூடை வைத்திருக்கிறவர்கள் எத்தனை வைக்கிறீர்கள், அடிப்பக்கம் வேகிறதா என்று எழுதுங்கள்.